மூணாம் பாகத்தை எனக்கு ஏன் சொல்லல?

தம்பி,

சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்குன்னு இந்த லெட்டர்ல நான் கேக்கப்போறதில்ல. அதெல்லாம் கேக்க உனக்கு ஆள் வந்தாச்சு. நேரா விஷயத்துக்கு வரேன். பொங்கலன்னைக்கு, இலையில சக்கரைப் பொங்கலை வெச்சுக்கிட்டே, "இந்தக் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்"னு சொன்னேன் பாரு, அது ஏன்னு உனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்கும் தெரியாது. ஜெசிந்தா வேதக்காரப் பொண்ணு, அதனாலதான் அம்மா முறுக்கிக்கிட்டு நிக்கிறான்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு கட்டிட்டீங்க. தெருவும் அப்படித்தான் நெனக்குது. எதிர்வீட்டுக்காரம்மா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க செஞ்சதுதான் சரி, விட்டுக்குடுத்துடாதீங்க"ன்னு ஆறுதல் சொல்லிட்டுப் போனா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவ முதுகுல ஒண்ணு வெக்கலாம்போல இருந்துச்சு. மேலப்புதூர்ல பாதிப் புள்ளைங்களுக்கு, சர்ச்சுல புதுநன்மை வாங்குறதுக்கு வெள்ளை கவுன் தெச்சுக் குடுத்தவ நான். கிறிஸ்துமஸ் வந்தா நம்ம வீட்டுக்குக் கேக்கு வந்து குவியும், நீதானே மொத ஆளா உக்காந்து தின்னே! மதமாம் மதம். காரணம் அது இல்லடா. சொன்னா சிரிப்பே. சிரி. அந்த பயர் இன்ஜின் படத்தோட மூணாம் பாகத்தை அவளோட போய்ப் பாத்துட்டு, எனக்கு நீ ஒரு வார்த்தை சொல்லல. எனக்குப் பொறாமை. வயிறு பத்திக்கிட்டு எரியிற பொறாமை. பெத்த தாய் எழுதுற எழுத்தா இதுன்னு நீ கேக்கலாம். பெத்தவளுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல, அது எரியத்தான் எரியும்.

கொஞ்சம் பின்னால போறேன், பொறுமையா படி. நீ ஆறாவது படிக்கிறப்போதான் அந்த மொதப் படம் திருச்சிக்கு வந்துச்சு. அப்பல்லாம் இங்கிலீஷ் படம்னா ஞாயித்துக்கிழமை காலைக் காட்சிதான். உங்கப்பாவுக்கு ஒர்க்‌ஷாப் லீவு. உன்னைக் குளிப்பாட்டி, தலையை வழிச்சு வாரி, அவரோட ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டு நான் வீட்டுல உக்காந்திருப்பேன். ஸ்ரீரங்கத்துலேருந்து பொம்பளைங்க இங்கிலீஷ் படத்துக்குப் போற வழக்கம் கிடையாது. யாரும் போகாதேன்னு சொன்னதில்ல, வாயேன்னு கூப்பிட்டதும் இல்ல. எனக்கு அன்னைக்கே உங்கப்பா மேல பொறாமைதான். மத்தியானம் வந்து சட்டையைக் கழட்டுவார். "என்னங்க படம்?"னு கேட்டா, "சண்டைப் படம்"னு சொல்லிட்டு பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேரா விரிச்சுப்பார். அவ்வளவுதான். கல்யாணம் பண்ணின நாள்லேருந்து அந்த மனுஷன் எனக்கு ஒரு குறையும் வெச்சதில்ல, ஒரு கதையும் சொன்னதில்ல. வெளியில போய்ப் பாத்துட்டு வர்றதையெல்லாம் வாசல்லயே செருப்போட கழட்டி விட்டுட்டு வர்ற ஆம்பளை. நீ அப்படி இருந்துடாதே. இது நான் உனக்குச் சொல்ற மொதப் புத்தி.

ஆனா நீ அப்படி இல்ல. நீ வந்ததும் வராததுமா சோத்தைக்கூடத் தொடாம என் தையல் மிஷின் பக்கத்துல வந்து நிப்பே. மரச் சீவல் கணக்கா ஒல்லியா இருப்பே அப்போ. "அம்மா, படம் சொல்லட்டா?" சொல்லுடா ராஜாம்பேன். உடனே கையை ரெண்டு பக்கமும் விரிச்சு, "கடலே வத்திப்போச்சும்மா"ன்னு ஆரம்பிச்சே பாரு, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. வானத்துலேருந்து நெருப்பு கொட்டி உலகமே எரிஞ்சுபோச்சு. கடல் இல்ல, வெறும் மணல். கப்பலெல்லாம் மணல்ல சாஞ்சு நிக்குது. செத்தவங்க போக மிச்சமிருக்கிற ஜனம் அந்தக் கப்பலுக்குள்ளதான் குடித்தனம் பண்ணுது, கொடிக்கம்பத்துல துணி காயுது. நான் அதுவரைக்கும் கடலைப் பாத்ததே இல்ல. கோடையில கொள்ளிடம் கிடக்குமே, அந்த மணல் பரப்பையே நீட்டி அகலப்படுத்தி வெச்சுக்கிட்டேன். அந்த மணல் மேல தூசியைக் கிளப்பிக்கிட்டு ஒரு செவப்பு பயர் இன்ஜின் வருது. அதை ஓட்டுறவன் முன்னாடி தீயணைக்கிற வேலை பாத்தவன். உலகம் எரிஞ்ச அன்னைக்கு அவனால அணைக்க முடியல. அந்தக் குத்தத்துல இப்ப கப்பல் கப்பலாப் போய்த் தண்ணி குடுக்கிறான். அவன் பேரை நீ பத்து தடவை சொன்னே, என் வாயில நுழையல. எனக்கு அவன் பயர் இன்ஜின்காரன்.

வில்லன் ஒருத்தன். வாயைத் திறந்து பேசமாட்டான், விசில்தான் அடிப்பான். அவன் விசிலடிச்சா, பாய்மரம் கட்டின மோட்டார் சைக்கிள்ல அம்பது பேர் பாஞ்சு வருவான். உனக்கு அப்ப பல்லு விழுந்திருந்த நேரமோ என்னமோ, விசில் வராது. "ஃபூ ஃபூ"ன்னு காத்தும் எச்சியும்தான் வரும். நானும் பயந்த மாதிரியே முழிப்பேன். துரத்துற கட்டம் வந்துட்டா நீ "ஓட்டும்மா!"ம்பே. நான் மிஷின் பெடலைப் போட்டு மிதிப்பேன். கடகடகடன்னு அந்தச் சத்தம்தான் நமக்கு இன்ஜின். நீ கத்த, நான் மிதிக்க, உங்கப்பா பேப்பருக்குப் பின்னாலேருந்து, "என்ன கூத்துடி இது"ம்பார். பின்னாடியே வந்துட்டாங்க, இன்னும் ஒரு கை தூரம்தான், அப்ப பயர் இன்ஜின்காரன் வண்டியைத் திருப்பி, ஹோஸைத் திறந்து, இருக்கிற தண்ணியையெல்லாம் மணல்ல பீச்சி அடிக்கிறான். மணல் சேறாயிடுச்சு. மோட்டார் சைக்கிள் அத்தனையும் சேத்துல சொருகிக்கிட்டு நிக்குது, பாய்மரம் காத்துல படபடங்குது, ஆளுங்க பொத்து பொத்துன்னு விழுறான். நீ கை தட்டிக் குதிச்சே. எனக்கு மனசு ஆறல. "அடப்பாவி, குடிக்கிற தண்ணியடா! அடுத்த கப்பல்ல புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குமே"ன்னு கேட்டேன். நீ, "அதான்மா சீனே!"ன்னே. அந்தக் கட்டத்துல நான் மிதிச்ச மிதியில, யாரோ ஒருத்தியோட ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கத்துல வெச்சுத் தெச்சிருக்கேன். அவ வந்து அதைத் தூக்கிப் பிடிச்சு, "ஏங்க, நான் இதை எப்படிங்க போட்டுக்கிறது?"ன்னு கேட்டா. நீயும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னோமே. அந்தச் சிரிப்பு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் சொந்தம்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் கடைசி சீன். எல்லாரையும் காப்பாத்தி, தண்ணி ஊத்து இருக்கிற இடத்துல கொண்டுபோய் விட்டுட்டு அவன் வண்டியில ஏறிட்டான். நீ நிறுத்திட்டே. படம் முடிஞ்சுதுன்னு நெனச்சு, நான் நூலைக் கடிச்சுக்கிட்டே, "ஏண்டா, அவனுக்கு அம்மா கிடையாதா?"ன்னு கேட்டேன். நீ போய் சொம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு வந்து, "இரும்மா, இன்னும் ஒரு சீன் இருக்கு"ன்னே. அவன் நேரா ஒரு இடிஞ்ச வீட்டுக்குப் போறான். வண்டி மணியை அடிக்கிறான். உள்ளேருந்து ஒரு பொம்பளை வரா. எரிஞ்சுபோன ஊர்ல அவ ஒருத்திதான் போகாம இருக்கா, மகன் இந்த வழியா வருவான்னு. அவனுக்கு மூஞ்சியெல்லாம் கரி, அவளுக்கு அடையாளம் தெரியல. வண்டியில மிச்சம் ஒரே ஒரு குவளைத் தண்ணி. அதை அவகிட்ட குடுக்கிறான். நாக்கு வறண்டு கிடக்கிறவ, அதைக் குடிக்கல. முந்தானையை அதுல நனைச்சு அவன் மூஞ்சியைத் துடைக்கிறா. துடைச்சுத் துடைச்சு, மூஞ்சி தெரிஞ்சதும், "வந்துட்டியா?"ன்னு கேக்குறா. அவ்வளவுதான் படம். நான் மிஷின் மேல தலையை வெச்சுக்கிட்டு அழுதேன். அழுதுட்டு, "வெள்ளைக்காரிக்கு ஏதுடா முந்தானை?"ன்னு கேட்டேன். "முந்தானை மாதிரி ஏதோ துணிம்மா"ன்னுட்டு ஓடிட்டே. இத்தனை வருஷத்துல அந்த சீனை உங்கிட்ட எத்தனையோ தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கேன். காய்ச்சல்ல கிடந்தப்போகூட அதைத்தான் கேட்டேன்.

ரெண்டாம் பாகம் வந்தப்போ நீ காலேஜ். உங்கப்பா வேண்டாம், சிநேகிதங்க போதும்னு ஆயிடுச்சு. உங்கப்பாவுக்கு அதுல மனத்தாங்கல், எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி, இப்பத் தெரியுதா என் அருமைன்னு. அதையும் நீ வந்து எனக்குச் சொன்னே, இல்லேங்கல. மிஷின் பக்கத்துல இல்ல, அடுப்பங்கரை நிலையில சாஞ்சுக்கிட்டு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஜனம் மாட்டிக்கிச்சு, பயர் இன்ஜின் ஏணியை நீட்டிப் பாலமாக்குறான், ஒவ்வொருத்தரா ஏணி மேல தவழ்ந்து வர்றப்போ வண்டி கொஞ்சம் கொஞ்சமா பள்ளத்துப் பக்கம் நழுவுது, அவன் பிரேக் மேல ஏறி நின்னுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருக்கான். நல்ல சீன்தான். ஆனா நீ சொல்றப்பவே வாசல்ல சைக்கிள் மணி அடிச்சுது. "மிச்சத்தை வந்து சொல்றேம்மா"ன்னு போனே. வந்து சொன்னேதான், ஆனா கத்தல, குதிக்கல, "ஓட்டும்மா"ன்னு சொல்லல. வளர்ந்த புள்ளை, வெக்கமா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். மூணாம் பாகம்னு ஒண்ணு வரும்ல, அப்ப பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

பொங்கலுக்கு அவளைக் கூட்டிக்கிட்டு வந்தே. நல்ல பொண்ணுதான். வந்ததும் என்னை ஆன்ட்டின்னா, நான் மூஞ்சியைச் சுளிச்சதைப் பாத்துட்டு அடுத்த நிமிஷமே அத்தைன்னு மாத்திக்கிட்டா. உங்கப்பா அவகிட்ட மட்டும் வாய் ஓயாம பேசினார், அது வேற எனக்குத் தாங்கல. பேச்சு படத்துப் பக்கம் திரும்புச்சு. அவ சடார்னு எழுந்து, ரெண்டு கையையும் ஹோஸ் மாதிரி பிடிச்சுக்கிட்டு, மோட்டார் சைக்கிள் சேத்துல சொருகுற சீனைச் சொல்ல ஆரம்பிச்சா. நீ சொல்ற மாதிரியே, அதே "பொத்து பொத்து", அதே கை ஆட்டல். நீ அவளைப் பாத்துக் கண்ணுல தண்ணி வர்ற அளவு சிரிக்கிறே. நான் பருப்பு வாளியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். என் வீட்டுக் கூடத்துல, என் மிஷின் பக்கத்துல, என் சீனை ஒருத்தி எனக்கே சொல்லிக் காட்டுறா! சரி, போகட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, "மூணாம் பாகம் வந்துச்சாடா?"ன்னு உன்னைக் கேட்டேன். "வந்துச்சும்மா. மெட்ராஸ்ல நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டோம். பெருசா ஒண்ணுமில்லம்மா, சும்மா படம்"னுட்டு அப்பளத்தை நொறுக்கினே. சும்மா படமா? உங்கப்பாவோட "சண்டைப் படம்" மாதிரியே இருந்துச்சு அந்தப் பதில். அதே குரல். அங்கதான் எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு, அங்கதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். மறுநாள் காலையில நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டே. நானும் வாசலுக்கு வரல.

போன வெள்ளிக்கிழமை ஜெசிந்தா தனியா வந்தா. உனக்குச் சொல்லியிருக்க மாட்டா, சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன். லீவு போட்டு மேலப்புதூர்ல இருக்கிற அவ வீட்டுக்கு வந்திருந்தாளாம். கையில சந்தனக் கலர் பட்டு ஜாக்கெட் துணி. "கல்யாண ஜாக்கெட்டை நீங்கதான் தெச்சுத் தரணும் அத்தை. வர்றதும் வராததும் உங்க இஷ்டம், ஜாக்கெட்டாவது வரட்டும்"னா. வாய்க்காரிடா அவ. வாசலுக்கு வந்த துணியைத் திருப்பி அனுப்புற பழக்கம் எனக்கு இல்ல, டேப்பை எடுத்தேன். கொஞ்சம் இறுக்கித்தான் பிடிச்சேன், அதையும் சொல்லிடுறேன். அளவெடுக்கிறப்போ கையைத் தூக்கிக்கிட்டு நின்னபடியே, "அவரு மதம்னு நெனச்சுக்கிட்டு இருக்காருத்தை. நான் அப்படி நெனக்கல"ன்னா. "பின்னே என்ன நெனக்கிறே?"ன்னேன். "நான் அந்தச் சேத்து சீனைச் சொன்னப்போ உங்க மூஞ்சி மாறிச்சு. அப்பவே வாயை மூடியிருக்கணும், எனக்குத்தான் புத்தியில்ல"ன்னா. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. பெத்த புள்ளைக்கும் தாலி கட்டின புருஷனுக்கும் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. "கையை இறக்கு"ன்னேன். அவ இறக்கிட்டு, "அந்த மொதப் படம் மறுபடியும் திருச்சிக்கு வந்திருக்கு, ஞாயித்துக்கிழமை காலைக் காட்சி. நீங்க வரீங்களா?"ன்னு கேட்டா. என்னை ஒருத்தர் இங்கிலீஷ் படத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டது இதுதான் தம்பி மொத தடவை. வந்த வீம்பெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. என்ன பொடவை கட்டிக்கலாம்னுதான் யோசனை ஓடுச்சு.

போனோம். தியேட்டர்ல நான், அவ, மிச்சமெல்லாம் ஆம்பளைங்க. விளக்கணைஞ்சு, அந்த மணலும் சாஞ்ச கப்பலும் திரையில வந்ததும், நான் அவ தொடையில ஒரு தட்டு தட்டி, "பாத்தியா, துணி காயும் பாரு"ன்னேன். துணி காஞ்சுது! அதுக்கப்புறம் என் வாய் நிக்கல. இப்ப அவன் வருவான், இப்ப டயர் வெடிக்கும், இப்ப கூட வர்ற கிழவன் துரோகம் பண்ணுவான்னு ஒவ்வொண்ணா முன்னாடியே சொல்றேன். பின்னால இருந்த பையன், "பாட்டி இதோட எத்தனாவது தடவை?"ன்னு கேட்டான். மொத தடவைடான்னேன். அவன் நம்பல. உன்னைத் திட்டவும் திட்டினேன். பயர் இன்ஜின்காரனுக்கு நீ சொன்ன மீசை இல்ல, மொழுமொழுன்னு இருக்கான். விசில் சத்தம் வந்தப்போ, அடேயப்பா, ஈரக்குலையே நடுங்கிடுச்சு. உன் எச்சி விசிலை நெனச்சு அந்த நடுக்கத்துலயும் சிரிச்சுட்டேன். சேத்து சீன் வந்தப்போ என் காலு தன்னால தரையை மிதிக்குது. ஜெசிந்தா அதைப் பாத்தா. கடைசியில ஜனமெல்லாம் ஊத்துத் தண்ணியைக் குடிக்குது, அவன் வண்டியில ஏறுறான், வண்டி போகுது, எழுத்து ஓடுது, விளக்கு போட்டுட்டான். எல்லாரும் எழுந்து போறாங்க. நான் உக்காந்தே இருக்கேன். "வாங்க அத்தை, முடிஞ்சிடுச்சு"ங்குறா. "முடியலடி, இன்னும் ஒரு சீன் இருக்கு"ன்னேன். "இல்லத்தை"ன்னா. "உனக்கென்ன தெரியும், கட் பண்ணிட்டானுங்க!"ன்னு எழுந்தேன்.

அடுத்த ஷோவுக்கு நேரமாச்சுன்னா ரீலைக் கத்தரிக்கிறது ஊரறிஞ்ச சங்கதிதானே. உங்கப்பாவே எத்தனை தடவை பாட்டை முழுங்கிட்டான்னு வந்து திட்டியிருக்கார். நான் விடுவிடுன்னு படியேறி ஆபரேட்டர் ரூம் கதவைத் தட்டிட்டேன். ஜெசிந்தா, "ஐயோ அத்தை, வேண்டாம்"னு முந்தானையைப் பிடிச்சு இழுக்கிறா. ஒரு ஆளு கையில பாதி வடையோட வந்தார். "ஏன் சார், கடைசி சீன் எங்க? அவன் அம்மா வீட்டுக்குப் போற சீன். அதுக்காகத்தான் ஸ்ரீரங்கத்துலேருந்து வந்தேன். இப்பவே போட்டுக் காட்டுங்க"ன்னேன். அவர் என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்தார். "எந்த அம்மா?"ன்னார். நான் அங்கேயே நின்னு முழு சீனையும் சொல்லத் தொடங்கினவ, பக்கத்துல ஜெசிந்தா காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாத்துட்டு டக்குனு நிறுத்திட்டேன். "அவன் அம்மா வர்ற சீன், அவ்வளவுதான்"னேன். "இந்தப் படத்துல அப்படி ஒரு சீனே கிடையாதும்மா. வந்த பிலிம் பெட்டியில ஒரு துண்டுகூட நான் எடுக்கல. நீங்க வேற படத்தோட சேத்துக் குழப்பிக்கிறீங்க"ன்னார். "நானும் மெட்ராஸ்ல இதைப் பாத்திருக்கேன் அத்தை. இப்படித்தான் முடியும்"னு ஜெசிந்தாவும் மெதுவா சொன்னா. அவர் மிச்ச வடையை வாயில போட்டுக்கிட்டு கதவைச் சாத்திட்டார்.

படியில பாதி இறங்குறப்போதான் எனக்கு உறைச்சுது. அங்கேயே உக்காந்துட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை நான்தானே கேட்டேன், அவனுக்கு அம்மா கிடையாதான்னு. நீதானே போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தே. அடப்பாவி மகனே! ஒரு சொம்புத் தண்ணி குடிக்கிற நேரத்துல அவனுக்கு ஒரு அம்மாவை உண்டாக்கி, இடிஞ்ச வீட்டைக் கட்டி, அவ கையில ஒரு குவளையைக் குடுத்து, என் முந்தானையை அவளுக்குக் கட்டிவிட்டு, எனக்காகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கே. நானும் இத்தனை வருஷமா எந்த நாட்டுக்காரன் எடுத்த படமோ, எவ்வளவு நல்லா எடுத்திருக்கான்னு அவனை வாழ்த்திக்கிட்டு இருந்திருக்கேன். படியில உக்காந்து நான் அழுத அழுகையைப் பாத்து, ஜெசிந்தா பயந்துபோய் சோடா வாங்கிட்டு வந்தா.

பஸ்ல ஏறினப்புறம் கேட்டா. "அந்த சீன்ல என்னத்தை வரும்? அவரு சொன்னதா?" ஆமாம்னேன். "அவரேவா சேத்துச் சொன்னாரு?" ஆமாம்னேன். "என்னன்னு சொல்லுங்களேன்." மாட்டேன்னேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டுச்சு, காவேரிப் பாலம் வந்துச்சு. அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே, "அவரு எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாருன்னு நெனச்சேன். எனக்கு மொதப் படத்தை அஞ்சாறு தடவை சொல்லியிருக்காரு. எல்லாத் தடவையும் உள்ளது உள்ளபடிதான் சொன்னாரு"ன்னா. அந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. பொங்கல்லேருந்து கண்ணாடியில நான் பாத்துக்கிட்டு வர்ற மூஞ்சி அது. அவளுக்குப் பொறாமை! என்மேல! பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த நிமிஷம் அப்படியொரு ஆனந்தம். ரங்கநாதர் நேர்ல வந்து வேணுங்கிறதைக் கேளுன்னிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். மாம்பழச்சாலை வரைக்கும் அந்த ஆனந்தம் இருந்துச்சு. அதுக்கப்புறம் அவ மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "வேணும்னா மூணாம் பாகத்தை நான் சொல்லட்டா அத்தை?"ன்னு கேட்டா. தன்கிட்ட இருக்கிறதை எடுத்து நீட்டுறா புள்ளை, நான் கைக்குள்ள பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். வேண்டாம்மா, அவன் வந்து சொல்லட்டும்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஸ்டாப் வர்ற வரைக்கும் விடல.

அதனால இப்ப முடிவைச் சொல்றேன். கல்யாணத்துக்கு நான் வரேன். மாதா கோயில்ல மொத வரிசையில உக்காருவேன், பின்னால யாராவது என்னைப் பாட்டின்னு கூப்பிட்டா சும்மா விடமாட்டேன். ஜாக்கெட் தயார், கை ரெண்டும் சரியான பக்கத்துலதான் இருக்கு, நாலு தடவை பாத்துட்டேன். உங்கப்பாகிட்ட காரணத்தைச் சொல்லல, அம்மா மனசு மாறிட்டான்னு அவர் ஊருக்கெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியட்டும். ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நீ வரணும். வந்து, நின்னுக்கிட்டு, கத்தி, குதிச்சு, மூணாம் பாகத்தை எனக்குச் சொல்லணும். சும்மா படம்னு சொல்ற பேச்செல்லாம் உங்கப்பாவோட போகட்டும். பொண்டாட்டிகிட்டயும் அந்த வார்த்தையைச் சொல்லிடாதே. சொன்னேன்னா அவளும் என்னை மாதிரி புருஷன் விரிச்ச பேப்பரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா, அது பெரிய கொடுமை. வீட்டுக்கு வந்தா பாத்ததைச் சொல்லு. ஒண்ணுமே பாக்காத நாள்ல எதையாவது கட்டிச் சொல்லு. உனக்குத்தான் அது வருமே.

இன்னொண்ணு. என் சீனை அவ உங்கிட்ட கேப்பா. அழுதும் கேப்பா, கொஞ்சியும் கேப்பா. குடுத்துடாதே, அது எனக்குச் செஞ்சது. ஆனா அவளுக்குன்னு ஒண்ணு நீ செஞ்சாகணும். எந்தப் படத்துலயும் இல்லாதது, உலகத்துல வேற எவளுக்கும் சொல்லாதது, அவ மூஞ்சியைப் பாத்து அவளுக்குன்னே கட்டினது. நல்லா யோசிச்சு, என்னுதைவிட நல்லாவே செய்யி. செஞ்சுட்டு, அது என்னன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதே தம்பி. என்னால தாங்க முடியாது.

அம்மா